குலை விழும் முன் ஒரு சொல்

அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் பேசாவிட்டால் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் லோகேஸ்வரியும் அதையேதான் கேட்டாள். செனாவாங்கில் ஏர்கோன் போட்ட ஃபேக்டரியில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு இது விளங்காது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டுகிறவன் வாயை மூடிக்கொண்டால் கீழே இருக்கிறவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கீழே இருக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் தோட்டம் மலேசியாவில் ரெம்பாவ் பக்கம். வெட்டுகிறவன் நீளமான கழியின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து, மட்டையையும் குலையையும் இழுத்து வெட்டுவான். வண்டிக்காரன் விழுந்த குலையை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவான். அவர்களுக்குப் பின்னால் நான் சாக்கோடு குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவேன். ஒரு குலை என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம் இருக்கும், உடம்பெல்லாம் முள். அது விழும் முன் வெட்டுகிறவன் கத்த வேண்டும். கீழே இருக்கிறவன் பதில் குரல் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் கழியை இழுக்கலாம். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

வெட்டுகிறவன் பெயர் நவீத், பாகிஸ்தானில் முல்தான் பக்கத்துக்காரன். வண்டி தள்ளுகிறவன் பிர்ஜு, இந்தியாவில் கோரக்பூர் பக்கம். இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தது எங்களை வேலை வாங்குகிற மண்டோர் முகுந்தன். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிகளை வங்காளி என்று கூப்பிடுகிற ஊர் இது. வடக்கேயிருந்து வந்த மற்ற எவனும் எங்களுக்கு ஹிந்திக்காரன்தான்.

"ரெண்டும் ஒரே பாஷ லா, வள்ளிக்கா," என்றான் முகுந்தன். "ஜோடியா போட்டுட்டா அவனுங்களே பேசிக்குவானுங்க. நமக்கு வாய் வலிக்காது. உங்களுக்கும் ஹிந்தி வரும்ல, பாத்துக்குங்க."

எனக்கு ஹிந்தி வரும் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த பெருமை. வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு சாயங்காலமெல்லாம் டிவியில் மாமியார் மருமகள் நாடகம் பார்த்துப் பார்த்து வந்த ஹிந்தி அது. அதில் சாபமும் சத்தியமும் கண்ணீரும் நிறைய உண்டு. அரிவாளுக்கும் வண்டிக்கும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

முகுந்தன் சொன்னது அப்போது பொய்யாகவும் இல்லை. இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினார்கள். தண்ணீர் இருவருக்கும் 'பானி', ரொட்டி ரொட்டிதான், உப்பு 'நமக்'. கை, கால், தூக்கம், சாவு எல்லாம் ஒரே சொல். பிர்ஜு என்னை 'தீதி' என்பான், நவீத் 'பாஜி' என்பான். இரண்டுக்கும் அர்த்தம் அக்காதான்.

"இவன் எவ்வளவு நல்லா ஹிந்தி பேசறான் பாருங்க, தீதி," என்பான் பிர்ஜு.

"நான் எங்கே ஹிந்தி பேசினேன்? அவன்தான் உருது பேசறான், பாஜி. அவனுக்கே அது தெரியல," என்பான் நவீத்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு போன் போட்டு வீட்டுக்காரியோடு பேசும்போது இருவரும் பேசுவது வேறு ஏதோ. இவனுடையது அவனுக்குப் புரியாது, அவனுடையது இவனுக்குப் புரியாது, எனக்கு இரண்டுமே புரியாது. நடுவிலே சந்தித்துக்கொள்வதற்கு அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு பேச்சுதான். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எழுத்து வேறு. ஒரு நாள் மத்தியானம் கழியில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினார்கள். பிர்ஜு இடது பக்கமிருந்து எழுதி மேலே கோடு இழுத்தான். நவீத் வலது பக்கமிருந்து வளைத்து வளைத்து எழுதிக்கொண்டு வந்தான். நடுவில் இரண்டு கையும் முட்டிக்கொண்டன. ஒருவன் எழுதியதை மற்றவனால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. என்னைத் திட்டி எழுதியிருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு அவர்கள் இரண்டு நாட்டுக்கும் எல்லையில் சண்டை என்று செய்தி வந்தது. வேலையாட்கள் சேர்ந்து தங்குகிற கொங்சி வீட்டில் ஆளுக்கொரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவன் போனில் அவன் நாட்டுக்காரன் கத்தினான், இவன் போனில் இவன் நாட்டுக்காரன் கத்தினான். கத்துகிறவனுக்கென்ன, அவன் மரத்தடியிலா நிற்கிறான்?

முதலில் மாறியது சொற்கள்தான். பத்து மணி இடைவேளையில் என் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் இருவரும் 'ஷுக்ரியா' என்று நன்றி சொல்வார்கள். அன்றைக்கு பிர்ஜு கப்பை வாங்கிக்கொண்டு, நவீத்தைப் பார்த்தபடியே, 'தன்யவாத்' என்றான். நாடகத்தில் பூஜை நடக்கும்போது மட்டும் நான் கேட்கிற சொல் அது. நவீத் முகம் சுருங்கியது. மறுநாள் அவனும் எனக்குப் பிடிபடாத சொல்லாகத் தேடித் தேடிப் போட ஆரம்பித்தான். ஒரே குழம்பிலிருந்து அவனவன் தன் காயை மட்டும் பொறுக்கி எடுத்துத் தட்டின் ஓரம் ஒதுக்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் குழம்பே இல்லாமல் போனது. இருவரும் ஊமையானார்கள்.

நவீத் ஒரு சொல்லை மட்டும் விடவில்லை. குலையை வெட்டும் முன் "ஹட்!" என்று கத்துவான். விலகு என்று அர்த்தம், அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முன்பெல்லாம் கீழேயிருந்து உடனே "ஹான்!" என்று பிர்ஜுவின் பதில் வரும். இப்போது வரவில்லை. காதில் விழாதது போல நிற்பான். மெதுவாக, தனக்கே தோன்றி நகர்கிறவன் போல நகர்வான். நவீத் மறுபடி கத்துவான், காத்திருப்பான், பிறகு வெட்டுவான். நாளாக ஆக அந்தக் கத்தல் சின்னதாகிக்கொண்டே போனது. பக்கத்து நிரையில் குனிந்திருந்த எனக்கு முதுகெல்லாம் கூசியது.

பிர்ஜுவிடம் கேட்டேன். அவன் மாமன் மகன் ராணுவத்தில் இருக்கிறானாம். "அவன் குரலுக்கு நான் ஏன் பதில் சொல்லணும், தீதி?" என்றான். நவீத்திடம் கேட்டேன். "நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்க நாயா, பாஜி?" என்றான். இரண்டு பேர் கண்ணிலும் நான் முன்பு பார்த்திராத ஒன்று இருந்தது. கழி ஒருவன் கையில், கழுத்து இன்னொருவனுடையது.

மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே முகுந்தனைத் தனியாகப் பிடித்தேன். "தம்பி, இதுங்கள பிரிச்சுப் போடு. இதுல ஒருத்தன் இன்னொருத்தன கொன்னுடுவான்."

"சும்மா பயந்து சாவாதீங்க லா," என்றான் அவன். "பிரிச்சா யாரோட போடறது? பங்ளாக்காரனோட போட்டா ஒண்ணும் வெளங்காது, இந்தோனோட போட்டாலும் வெளங்காது. ஒரே பாஷக்காரனுங்க, இன்னைக்கு மொறைப்பானுங்க, நாளைக்கு ஒட்டிக்குவானுங்க."

அவன் சொன்ன அந்த 'நாளைக்கு' வந்தது. முந்தின நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. நான் பக்கத்து நிரையில் குனிந்திருந்தேன். மேலே காம்பு முறிகிற சத்தம் கேட்டது. அதற்கு முன் 'ஹட்' கேட்கவில்லை. என் காதுக்குப் பழக்கமான அந்த ஒற்றைச் சொல் இல்லாமலே காம்பு முறிந்தது. குலை ஈர மண்ணில் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது அந்தச் சத்தம் இல்லை.

சாக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். பிர்ஜு வண்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். ஹெல்மெட் தள்ளிக் கிடந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, சட்டையில் முள்ளும் இரத்தமும். என்னையறியாமல் கத்தினேன்.

"கொன்னுட்டான்! ஐயோ, கொன்னுட்டான்!"

சுற்றிலும் இருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லோர் காதிலும் அதுதான் விழுந்தது. பிர்ஜு முனகினான், உயிர் இருந்தது. நவீத் கழியை இன்னும் பிடித்தபடி நின்றிருந்தான். உச்சியில் அரிவாள் ஆடியது. யாரோ கழியைப் பிடுங்கினார்கள். அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"டர் லக்தா ஹை, பாஜி," என்றான். பயமாக இருக்கிறது, அக்கா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீசும் வந்தது. வந்த போலீஸ் சார்ஜனிடம் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். "அந்த அக்காதான் பாத்தது. கொன்னுட்டான்னு கத்தினது அவங்கதான்." கத்தினாயா என்று அவர் கேட்டார். கத்தினேன் என்றேன். வெட்டும் முன் அவன் குரல் கொடுத்தானா என்று கேட்டார். தலை சுற்றுகிறது துவான் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பொய் இல்லை, சுற்றத்தான் செய்தது. சரி, நாளைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்கிறேன் என்றார். நவீத்தை விசாரணைக்கென்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடி வழியாக அவன் என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

வண்டி போனதும் முகுந்தன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"வள்ளிக்கா, நீங்க என்கிட்ட பிரிச்சுப் போடச் சொன்னத போலீஸ்ல சொல்லிடாதீங்க. சொல்லியும் கேக்கலன்னு என் தலையில விழும். அவன் வேணும்னே போட்டான்னு மட்டும் சொல்லுங்க. நீங்களே கத்தினீங்கதான?"

லோகேஸ்வரி போனில் அவள் பங்குக்குப் பயமுறுத்தினாள். "ம்மா, பொய் சொன்னா உன்னையும் உள்ள போடுவாங்க. கேட்டத கேட்டேன்னு சொல்லு, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. யாரோ ஒருத்தனுக்காக நீ ஏன் மாட்டிக்கிற?"

அவள் சொன்னது நியாயம்தான். நான் கேட்கவில்லை. நவீத் குரல் கொடுக்கவில்லை. அதைச் சொன்னால் அவன் கொலை செய்யப் பார்த்தவன் ஆவான், எத்தனை வருஷம் உள்ளே இருப்பானோ. சொல்லாவிட்டால் நான் போலீசிடம் பொய் சொன்னவள் ஆவேன். அவன் வேண்டுமென்றே செய்தானா? அது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நான்தான் தோட்டமே கேட்கும்படி கத்திவிட்டிருந்தேன். வாயிலிருந்து போனதை எப்படித் திருப்பி எடுப்பது?

மறுநாள் காலை சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு முகுந்தன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனான். வழியில் சிக்னலில் நிற்கும்போது, "ஞாபகம் வச்சுக்குங்க," என்றான்.

பிர்ஜு கட்டிலில் சாய்ந்திருந்தான். தோளிலும் கையிலும் பெரிய கட்டு. சார்ஜன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முறையாக வாக்குமூலம் எடுக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். போனின் மறுமுனையில் ஹிந்திக்கு ஓர் ஆள், உருதுவுக்கு வேறோர் ஆள் என்றார்களாம், யாரை அனுப்ப என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பிர்ஜு என் சேலை முந்தானையைப் பிடித்தான்.

"டர் லக்தா ஹை, தீதி," என்றான்.

நேற்று மண்ணில் உட்கார்ந்து நவீத் சொன்ன அதே சொற்கள். அக்கா என்று கூப்பிட்டது மட்டும்தான் வேறு.

சார்ஜன் உள்ளே வந்தார். மொழிபெயர்ப்பாளர் பிறகு வருவார், இப்போதைக்கு நீ கேட்டுச் சொல் என்று என்னிடம் சொன்னார். "குலை விழும் முன் அவன் கத்தினானா? கேள்."

கேட்டேன். என் நாடக ஹிந்தியில்தான். பிர்ஜு என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். அவன் 'இல்லை' என்று சொல்லிவிடுவான், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கத்தினான்," என்றான் பிர்ஜு. "எனக்குக் கேட்டது. நான்தான் நகரல."

நான் அதை மலாயில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. சார்ஜன் புருவத்தைத் தூக்கினார். முகுந்தன் முகம் வெளுத்தது. கத்தினான், கேட்டும் நகரவில்லை என்றால், ஏன் நகரவில்லை என்பது அடுத்த கேள்வி. இப்படி முறைத்துக்கொண்டிருந்தவர்களை யார் ஜோடி சேர்த்தது என்பது அதற்கும் அடுத்தது. முகுந்தன் முந்திக்கொண்டான்.

"துவான், ரெண்டும் வேற வேற பாஷ. அதான் ரெண்டு ஆள் அனுப்பறேங்கறாங்க. அவன் உருதுக்காரன், இவன் ஹிந்திக்காரன். அவன் என்ன கத்தினான்னு இவனுக்கு எப்படித் தெரியும்? திட்டிட்டுக்கூட போட்டிருக்கலாம்."

எனக்கு அதுவரை இருந்த பயத்தின் மேல் கோபம் ஏறி உட்கார்ந்தது. ஜோடி சேர்க்கும்போது ஒரே பாஷை, தலையில் விழும் என்றதும் வேறு பாஷையா?

சார்ஜன் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாக அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல். ஒரு மொழியா, இரண்டு மொழியா?"

படித்தவர்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. கழியில் முட்டிக்கொண்ட இரண்டு எழுத்தும் நினைவுக்கு வந்தது. 'தன்யவாத்'தும் நினைவுக்கு வந்தது.

"துவான், எழுதினா ரெண்டு. சாமி கும்பிடப் போனா ரெண்டு. சண்டை போட்டா ரெண்டு," என்றேன். "நேத்து அவன் மண்ணுல உக்காந்து பயமா இருக்குன்னு என்கிட்ட சொன்னான். இப்ப நீங்க வெளிய நிக்கும்போது இவனும் பயமா இருக்குன்னு சொன்னான். ரெண்டு பேரும் சொன்னது ஒரே சொல்லு. 'ஹட்'டும் ஒரே சொல்லுதான். கூப்பிட்டா புரியாம இருக்காது."

"நீயும் அங்கேதான் இருந்தாய். உனக்குக் கேட்டதா?"

லோகேஸ்வரி சொன்னது காதுக்குள் ஓடியது. லாக்கப் கம்பி கண்ணுக்குள் வந்தது. முகுந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டது, துவான்," என்றேன். "நான் பயத்துல கத்திட்டேன். அவன் கொல்லல."

"அவர்களுக்குள் சண்டை என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும். மண்டோர்கிட்டயும் சொன்னேன்."

சார்ஜன் முகுந்தனை வெளியே வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிர்ஜு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான்.

"அவன் கத்தல," என்றேன் அவனிடம், எனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"தெரியும், தீதி."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டான். "அத்தனை நாளும் கூப்பிட்டான். ஒரு நாள்கூட நான் பதில் சொல்லல. பதிலே சொல்லாதவனை ஒருத்தன் எத்தனை நாள் கூப்பிடுவான்?" பிறகு மெதுவாக, "நேத்து மட்டும்தான் கூப்பிடல," என்றான். அவன் அழுதான். நானும் அழுதேன், நாடகத்தில் கற்றுக்கொண்டது அல்ல அது.

மொழிபெயர்ப்பாளர் வந்தபோதும் பிர்ஜு அதையே சொன்னான். நவீத்தை விட்டுவிட்டார்கள். முகுந்தனை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். என்னை யாரும் உள்ளே போடவில்லை, ஆனால் ரொம்ப நாளைக்குப் போலீஸ் வண்டி தோட்டத்துச் சாலையில் திரும்பினால் நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

நவீத் திரும்பி வந்த அன்று என்னிடம் வந்து நின்றான். வாய் திறந்து கூப்பிட நினைத்தானாம், எதற்கு என்று தோன்றியதாம், கை அதற்குள் இழுத்துவிட்டதாம். "கொல்லணும்னு நினைக்கல, பாஜி. ஆனா கூப்பிடவும் இல்ல," என்றான். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பிர்ஜுவின் தோள் பழையபடி ஆகவில்லை. வண்டி தள்ள முடியாது. பர்மிட் முடிகிற வரைக்கும் என்னோடு உதிரிப் பழம் பொறுக்குகிறான், ஒரு கையால். நவீத்தான் வெட்டுகிறான். இருவரும் முன்போல் சிரித்துப் பேசுவது கிடையாது. போனில் இன்னும் அவனவன் நாட்டுக்காரன் கத்திக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு குலைக்கும் நவீத் தோட்டமே அதிரக் கத்துகிறான், மரத்தடியில் ஒருவரும் இல்லாவிட்டாலும் கத்துகிறான். கத்திவிட்டுக் கழியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறான். எத்தனை நிரை தள்ளி இருந்தாலும் பிர்ஜு நிமிர்ந்து "ஹான்" என்று சொன்ன பிறகுதான் இழுக்கிறான்.

அந்தக் கத்தலுக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. நான் சாக்கைப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பிர்ஜுவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.